ஊசி குத்தாத இடம்

பொரளைக்குத் தலைகள் பஸ்ஸில் வரும்.
றெஜிபோம் பெட்டி, ஐஸ், மூன்று சுற்று செலோடேப்,
மேலே யாரோ ஒரு மிருக வைத்தியரின் அவசரக் கையெழுத்து.
கண்டக்டரிடம் மீன் என்று சொல்லி ஏற்றுவார்களாம்.
பொய் வராத நஸ்மீர் மட்டும்
அவிசாவளையில் இருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து
தேத்தண்ணீர் வேண்டாம் என்று
கை கழுவிக்கொண்டே நிற்பான்.

முன்பெல்லாம் நாய்கள்தான்.
இந்த வருஷம் கீரி பதினொன்று.
மரநாய் நான்கு;
கூரைக்குள் குடியிருந்த ஒன்று பட்டப்பகலில் இறங்கி
ஏணைச் சேலையைக் கடித்துக் குதறியதாம்.
பிள்ளை அந்நேரம் பக்கத்து வீட்டில்.
கேகாலைப் பக்கம் ஒரு நரி.
றப்பர் பால் வெட்டப் போன சந்திரகாந்தியின்
முழங்காலுக்குக் கீழே இரண்டு பல்.

படிவத்தில் ‘நடத்தை’ என்றொரு கட்டம்.
கையெழுத்து வேறு, மொழி வேறு,
வாக்கியம் ஒன்றுதான்:
ஆளைக் கண்டு ஓடவில்லை.

சுவரில் தீவின் படம்.
சிவப்புக் குண்டூசி குத்துவது என் வேலை.
பார்க்க வரும் மாணவர்கள் சொல்வார்கள்,
மேற்கில்தான் விசர் கூட.
நான் தலையாட்டிவிடுவேன்.
மேற்கில் ஐஸ் கூட, பஸ் கூட.
தலையை வெட்டி அனுப்ப ஆளில்லாத காட்டில்
அது தன்பாட்டில் நடக்கிறது,
நரம்பு வழியே நாளுக்கு ஒரு விரற்கடை,
பிறகு கால்கள் வழியே,
தண்டவாள ஓரத்துப் புல் வழியே.
பச்சையாய் வெறுமனே கிடக்கிற இடத்தை
சுகம் என்று வாசிக்க முடியாது.

நேற்று ஞாயிறு.
கிருலப்பனை வாய்க்கால் பக்கத்து மதிலில் கீரி.
உச்சி வெயில்.
நான் சூரைத் தலை போடுகிற அதே கீரி;
சொல்ல வெட்கம், ராசாத்தி என்று பேரும் வைத்திருக்கிறேன்.
அசையாமல் பார்த்தது.
இரண்டு வருஷமாய் நான் பழக்கிய துணிச்சலா,
மற்றதா?

சட்டி மூடியில் தட்டினேன்.
செருப்பை எறிந்தேன்.
போ, சனியனே, போ.

ஓடியது.
கொஞ்சம் தாமதமாக.
கொஞ்சம் கோணலாக என்றும் சொல்லலாம்.

இன்று திங்கள்.
ஊசிப் பெட்டி மேசையில்.
படத்தில் கிருலப்பனை
என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிறது.