இரண்டு ரசீது

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு
ஜன்னலோர நான்காம் மேசையை
யாருக்கும் கொடுக்க மாட்டேன்.
கிளீத்தோர்ப்ஸ் பார்க்க வந்த பயணிகள் முறைப்பார்கள்.
முறைக்கட்டும்.

கிளெனிஸ் முதலில் வருவாள்,
கடற்காற்று கலைத்த தலையைக்
கண்ணாடிக் கதவில் பார்த்துச் சரிசெய்தபடி.
ராய்ஸ்டன் ஐந்து நிமிடம் தள்ளி,
வேண்டுமென்றே.

விவாகரத்தாகிப் பதினோரு வருடம்.
வீட்டை விற்றுப் பங்கு பிரித்தாயிற்று.
யாருக்கென்று வழக்காடிய நாயும்
தீர்ப்புக்கு முன்பே செத்துப்போயிற்று.

பெரிய ஹாடக் மீன் ஒன்று,
விரல் தடிமனில் சிப்ஸ், மசித்த பட்டாணி,
வெண்ணெய் தடவிய ரொட்டி நான்கு துண்டு,
இருவருக்குத் தேநீர்.
நான் எதையும் எழுதிக்கொள்வதில்லை.
மரியாதைக்குப் பென்சிலை ஆட்டுவதோடு சரி.

அவன் கத்தியை எடுப்பான்.
மீனின் பொன்னிறச் சட்டையை
ஒரு பொத்தானும் தெறிக்காமல் கழற்றுவான்.
டெரிக் மாட்டுக்கொழுப்பில் பொரித்த அந்த மொறுமொறுப்பு
முழுசாக அவள் தட்டுக்கு.
ஆவி பறக்க
இதழ் இதழாய் உதிரும் வெள்ளைச் சதை
அவனுக்கு.
இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில்
சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டது
இது ஒன்றுதான் என்பாள் கிளெனிஸ்,
உதட்டில் ஒட்டிய பொருக்கை நக்கியபடி.

மற்றதற்கெல்லாம் சண்டைதான்.
முதலில் உப்பா, வினிகரா?
எனக்கும் அதில் ஒரு கருத்து உண்டு.
சொன்னால் டிப்ஸ் போய்விடும்.

ரசீது இரண்டு. சரிபாதி.
ஒற்றை பென்னி மிஞ்சினால்
நீ கொடு, நீ கொடு என்று
மேசையில் உருண்டு உருண்டு
கடைசியில் கல்லாவின் பக்கத்தில்
மீட்புப் படகுக்காரர்களின் உண்டியலில் விழும்.

போன வெள்ளி
கிளெனிஸ் மட்டும்.
ஐந்தே முக்கால்.
ஆறு.
வெளியே கடல் வெகுதூரம் பின்வாங்கி
வெறும் சேறு.
"கொண்டு வா," என்றாள்.

அவளே கத்தியை எடுத்தாள்.
சட்டை தாறுமாறாய்க் கிழிந்தது.
துண்டு துண்டாய்ப் பொறுக்கித் தின்றாள்,
சதையைத் தொடவில்லை.
உரித்த மீன் கூச்சத்தோடு கிடந்தது,
குளியலறையில் துண்டை மறந்துவிட்டுக்
கதவிடுக்கில் கூப்பிடுகிறவரைப் போல.

"எடுத்துவிடட்டுமா?"
"தொட்டுப் பார்," என்றாள்.
கையில் கத்தி இருந்தது.

ஆறு இருபதுக்குக் கதவு மணி.
தொப்பியெல்லாம் மழை.
மணிக்கட்டில் கழற்ற மறந்த
ஆஸ்பத்திரிப் பட்டை.

"என்னவாம்?"
"ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை."
"என்னவாம் என்றேன்."
"கொழுப்பாம்."

கிளெனிஸ் சிரித்தாள் பாருங்கள்,
ஏழாம் மேசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது.
"உனக்குக் கொழுப்பு என்று
கல்யாணமான மறுவாரமே சொன்னேன்.
முப்பத்தேழு வருடமாய் உன் பங்கையும்
நான்தானே தின்று தீர்க்கிறேன்!"
சிரித்துக்கொண்டே
கண்ணைக் காகிதக் கைக்குட்டையில் ஒற்றினாள்.
வினிகர் என்றாள்.
வினிகர் புட்டி மூடித்தான் இருந்தது.

சூடு பண்ணித் தருகிறேன் என்றேன்.
கையசைத்து விலக்கிவிட்டு
ஆறிப்போன மீனை
முள்ளுக்குப் பயந்தவன் போல
மெல்ல மெல்லத் தின்றான்.
ஹாடக்கில் டெரிக் ஒரு முள் விட்டுவைத்து நான் பார்த்ததில்லை.

"ஒரே ரசீதாய்ப் போடு," என்றான்.
"இரண்டு," என்றாள்
நான் பென்சிலைத் தொடுவதற்குள்.

அன்று கணக்கு சரியாக வந்தது,
ஒற்றை பென்னி மிஞ்சவில்லை.
ஆனாலும் உண்டியலில்
ஏதோ கனமாக விழுந்தது.
நான் ஐந்தாம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
யாரென்று பார்க்கவில்லை.