கதவைத் தட்ட வேண்டாம்

காலையிலிருந்து இது அறுபத்து மூன்றாவது பெட்டி.
ஸுஜோ நகரில் ஏப்ரல் நாலாம் தேதி என்றால்
கடைவாசலில் ஆவி,
ஆவிக்குப் பின்னால் வரிசை,
வரிசைக்கு மேல் குடைகள்.
பசையரிசி மாவில் இளநாற்றின் சாறு பிழிந்து
வயிற்றில் சிவப்புப் பயறு வைத்து மூடிய
ச்சிங்துவான்,
எண்ணெய் தடவிய மேனியோடு
மழையில் நனைந்த தவளைக் குஞ்சுகள் மாதிரி
பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.

பான் ஹுய்லான் ஒன்றைக்கூடத் தின்றதில்லை.
அவள் கான்சுக்காரி. கோதுமைச் சீமை.
இந்தப் பச்சையை முதன்முதலில் பார்த்தபோது
சோப்பு என்று நினைத்தாள்.

முகவரி: மேற்குமலைக் கல்லறைத்தோட்டம்,
வரிசை பதினான்கு, எண் ஏழு.
அலைபேசி அதை ஒரு வீடு என்றே நம்பியது.
பெறுபவர்: ஷென் போகாங்.
குறிப்பு: கதவைத் தட்ட வேண்டாம்.

காவலாளி வண்டியை உள்ளே விடவில்லை.
காகிதம் எரிக்கத் தடை, பட்டாசுக்குத் தடை,
ஸ்கூட்டருக்கும் தடை என்று
பலகையைக் குடைமுனையால் தட்டிக் காட்டினார்.
நூற்றுப் பதினெட்டுப் படி.
கடிகாரம் சிவப்பாகிவிட்டது,
பிந்தினால் எட்டு யுவான் பிடிப்பார்கள்.
செவந்தியும் துடைப்பமுமாய் ஏறுகிறவர்களுக்கு நடுவே
மஞ்சள் தலைக்கவசத்தைப் பார்த்து
ஒரு பொடியன் கேட்டான்:
"பேயும் ஆர்டர் பண்ணுமா?"
அவன் அம்மா வாயைப் பொத்தினாள்.
ஹுய்லான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:
"பணம் கட்டியாச்சு."

ஏழாம் எண்ணில் கல் ஈரமாக இருந்தது.
படத்தில் இருந்தவருக்குக் காது பெரிது.
மூடியைத் திறந்துவைத்தாள். ஆறு உருண்டை.
ஆவி எழுந்தது,
பெயர் வெட்டிய இடத்தில் கொஞ்சம் தயங்கியது,
போய்விட்டது.
திரையில் இரண்டு பொத்தான்கள்.
'நேரில் பெற்றுக்கொண்டார்.'
'வாசலில் வைக்கப்பட்டது.'
வெகுநேரம் யோசித்து
இரண்டாவதை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் யாரோ எழுதினார்கள்.
"குடை பிடிக்காதே. அவருக்குத் தூறல் பிடிக்கும்."
பிறகு:
"பத்து நிமிடம் ஆயிற்றா?"
மூன்றுதான் ஆகியிருந்தது.
ஆயிற்று என்றாள்.
"அப்படியானால் நீ சாப்பிடு. படைத்ததை வீணாக்கக் கூடாது.
நான் தூரத்தில் இல்லை, நாலு நிறுத்தம்தான்.
காலில்தான் இரும்பு வைத்துவிட்டார்கள்."

கையுறையைக் கழற்றினாள்.
உருண்டை விரலை விடவில்லை,
பிறகு பல்லை விடவில்லை.
முதலில் அறுத்துப் போட்ட புல்லின் வாசம்.
அப்புறம் வெறும் மாவு.
அப்புறம், அவள் எதிர்பார்க்காத நேரத்தில்,
இனிப்பு நாக்கைச் சுட்டது.
ஹா என்று வாயைத் திறந்து
கல்லறைக் காற்றை உள்ளே விட்டாள்.

"பயறில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா பார்.
இல்லையென்றால் கடைக்காரனோடு சண்டைக்கே போய்விடுவார்."

இனிப்புக்குள் கொழுப்பை எங்கே தேடுவது?
இன்னொன்றை எடுத்தாள்.
இந்த முறை அவசரப்படாமல்.
"வழுக்குகிறது," என்று எழுதினாள்.
"தொண்டையில் ஒரு நொடி நின்று
தானாகவே இறங்கிவிடுகிறது."

மூன்று புள்ளிகள் துடித்தன.
அணைந்தன.
மேல்வரிசையில் யாரோ கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.
துடித்தன.
"அப்படியானால் சரியான கடைதான்."

ஒன்றைக் கல்லின்மேல் விட்டாள், எலிக்கோ அவருக்கோ.
இரண்டு மழைச்சட்டைப் பையில்.
ஒன்று காவலாளிக்கு.
அவர் பலகையை ஒருமுறை படித்தார்,
தின்னத் தடை என்று எங்கும் போடவில்லை.

அடுத்தது இரண்டு காபி, இருபத்தோராம் மாடி.
கோப்பைகளை வாங்கிக்கொண்ட பெண்
ஹுய்லானின் முகத்தைப் பார்த்து,
ஒன்றும் சொல்லாமல்,
தன் முன்பல்லை நகத்தால் தொட்டுக்காட்டினாள்.
இறங்கும்போது மின்தூக்கிக் கண்ணாடியில் இளித்துப் பார்த்தாள்.
இடுக்கில் பச்சை.
பதினெட்டாம் மாடிவரை நாக்கால் துழாவினாள்.
பிறகு விட்டுவிட்டாள்.