மூலைக்கு மூன்று

கல்முனையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
மஃறூப் நானாவின் சாப்பாட்டுக் கடையில்
கோப்பை கழுவுகிறவள் நான்.
பாண்டிருப்பிலிருந்து ஐந்தரைக்கே வந்துவிடுவேன்.
பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவில்
தொட்டி சும்மா கிடக்கும். அந்த நேரம்
அரிசி மூட்டையில் சாய்ந்து ஊசியை எடுப்பேன்.

ஊசி, சைக்கிள் கம்பி.
நுனியை வளைத்து உரசித் தந்த
பங்சர் கடைப் பொடியன் காசு வாங்கவில்லை,
சம்பலோடு இரண்டு ரொட்டி வாங்கினான்.
நூல், மருதமுனைத் தறிக் கழிவு.
சாரம் நெய்து மிஞ்சிய நுனிகள்,
கிலோக் கணக்கில், முடிச்சும் தும்புமாக.
நீலம் நல்ல பிள்ளை. சிவப்பை நம்பக் கூடாது:
முதல் துணி, கடையின் தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றையும்
ரோசா நிறத் தண்ணீரில் முக்கி எடுத்தது.
“என்ன புள்ள, கலியாண ஊடாகா?”
என்றார் சமையல்கார ஹயாத்து காக்கா.
மறுகா சிவப்பை
உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டுத்தான் தொடுகிறேன்.

நடு உடம்பு லேசு.
குத்து, நூலைக் கொளுவு, இழு.
வரிசை முடிந்தால் ஒரு சங்கிலி, திரும்பு.
கை தன் பாட்டில் போகும்;
வாய் சீட்டுக் காசு கட்டாதவர்களின் பேரை
ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருக்கலாம்.
ஓரம் அப்படி விடாது.
ஓரத்தில் வாய் எண்ண வேண்டும்.

ஒரே கண்ணில் ஐந்து நெட்டை.
இரண்டு கண் விடு. ஒரு குட்டை. இரண்டு கண் விடு.
மறுபடி ஐந்து. அது ஒரு சிப்பி.
அதற்கு முன் ஒரு சுற்று, வெறும் குட்டை:
அதில் மூலைக்கு மூன்று, ஒரே கண்ணில்.
கஞ்சத்தனமாய் ஒன்று போட்டால்
துணி விரியாது,
கிண்ணம் மாதிரி குழிந்து நின்று முறைக்கும்.

“சட்டி துடைக்கிற சீலைக்கு
என்னத்துக்குகா பூ?”
காக்கா கேட்டது நியாயம்.
மஞ்சள் ஏறும், கரி ஏறும்,
இரண்டு மாதத்தில் அது நிலம் துடைக்கப் போகும்.
நான் சொன்னேன்:
“சிப்பி வைத்தது பால் கோப்பைக்கு.
பல்லு வைத்தது மீன் பீங்கானுக்கு.
கரண்ட் போனாலும் கைக்குத் தெரியும்,
பால் தேத்தண்ணியில் சூரை மணக்காது.”
அவர் தலையாட்டினார். பின்னேரம்
நானாவிடம் போய்த் தான் கண்டுபிடித்தது போலச் சொன்னார்.
நானா சம்பளத்தில் நூறு ரூபாய் கூட்டினார்.

சொன்னது பொய்யில்லை.
ஆனால் அதற்காக நான் பின்னவில்லை.
ஓரம் வைத்து முடித்து, நாலு நாள் கழிந்துதான்
அந்தக் காரணம் எனக்கே வந்தது.
மூன்றாவது துணியும் ஒன்று இருக்கிறது, நீலம்,
சிப்பிக்கு மேல் சின்னச் சின்ன முடிச்சு,
பாலுக்கும் இல்லை மீனுக்கும் இல்லை.
அதை யாரும் கேட்கவில்லை. நல்லது.

அதிலே ஒரு பிழை.
சிப்பிக்கு ஆறு கண் வேண்டும்,
கடைசியில் எனக்கு நாலுதான் மிஞ்சியது.
அவிழ்க்க மனமில்லை, அடுப்பில் சோறு வடிக்கிற நேரம்;
நாலு காலில் ஒரு நொண்டிச் சிப்பியை
நெருக்கி நிறுத்தி, நூலை அறுத்தேன்.

பன்னிரண்டரைக்கு அம்பாறை பஸ் வரும்.
அவ்வளவு பேரும் ஒரே பசியோடு இறங்குவார்கள்.
நுரை முழங்கை வரை ஏற
கண் ஒன்றையும் பார்க்காது.
தண்ணீருக்கு அடியில்
பெருவிரல் மட்டும் ஓரத்தால் நடந்து போகும்:
ஐந்து, ஐந்து, ஐந்து,
மூலை,
ஐந்து,
நாலு.

அந்த இடத்தில் விரல் கொஞ்சம் நிற்கும்.
“எங்ககா பீங்கான்!” என்று காக்கா கத்துவார்.
“வருது” என்பேன்.