எங்கிருந்தும் தெரியும்

தாளில் இருந்ததைத்தான் வாசித்தேன்.
ஒன்று முப்பத்து மூன்றுக்குப் பிடிக்கும்,
இரண்டு நாற்பதுக்கு முழுதாய் மூடும்,
மூன்றே முக்காலுக்கு விடத் தொடங்கும்.
கண்ணாடி வேண்டாம், கண்ணுக்குக் கேடில்லை.
எங்கே என்ற வரியில்
‘தீவுகளின் எல்லா இடங்களிலிருந்தும்’ என்றிருந்தது.
அதையும் வாசித்தேன்.

பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

வெஸ்ட்மன்னாவிலிருந்து ஒரு பெண்:
என் வாசல் விளக்கே எனக்குத் தெரியவில்லை,
நீ நிலாவைச் சொல்கிறாய்.
கிளாக்ஸ்விக்கிலிருந்து ஒரு சிறுவன்:
அம்மா எழுப்பிவிட்டாள், இப்போது தூங்கு என்கிறாள்,
யார் சொல்வதைக் கேட்பது?
சாந்தூரில் ஒருவர் கூரைமேல் ஏறி நிற்கிறாராம்,
மழையாம், இறங்கலாமா என்றார்.
இறங்குங்கள் என்றேன்,
வானத்தை நான்தான் வாடகைக்கு விட்டிருப்பதுபோல.

ஃபாரோவில் மூடுபனிக்கு எத்தனையோ பெயர்கள்.
கடற்கழியில் படுத்துக்கொள்வது ஒன்று,
மலையிடுப்பில் துண்டு கட்டுவது ஒன்று.
அன்றைக்கு எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன.

ஒன்றரைக்கு இன்னொரு குரல்.
வியாரெய்யாவிலிருந்து பேசுகிறேன்,
இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது.
எதில்?
மேகத்தில். போர்வை அகலம் இருக்கும்.

பெயர் ட்ரோண்டுர்.
மீன்பிடிக் கப்பல்களில்
வடம் சுற்றும் இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவர்.
அங்கே போக ஒன்றேகால் மணி நேரம்,
கடலுக்கடியில் இரண்டு சுரங்கம்.
போய்ச் சேர்வதற்குள்
போர்வையை மடித்துவிடுவார்கள்.

அவரை ஒலிபரப்பில் ஏற்றினேன்.

என்ன தெரிகிறது?
நிலா, என்றார்.
அதற்குமேல் ஒன்றுமில்லை.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு:
பன்னிரண்டு நொடி சத்தமில்லாவிட்டால்
இயந்திரம் தானே பாட்டுப் போடும்.
கப்பல் கவிழ்ந்த செய்திக்கு நடுவிலும்
ஒருமுறை அக்கார்டியன் வந்திருக்கிறது.
தடுக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தேன்.

ஒன்பது. பத்து. பதினொன்று.
அழுத்தினேன்.

இடது ஓரம் அழுக்காகிறது, என்றார்.
கிரீஸ் கையோடு யாரோ பிடித்த மாதிரி.

பின் அவருடைய காற்று மட்டும்
எங்கள் எல்லார் சமையலறையிலும் அடித்தது.
நடுவில் ஒருமுறை:
பக்கத்தில் ஓர் ஆடு நிற்கிறது.
அது பார்க்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு நிறம் கேட்டேன்.
என் தாளில் தயாராக இருந்தது, ‘செம்பு நிறம்’.
அவர் யோசித்தார்.
முப்பது நொடி, நாற்பது,
என் விரல் மரத்து
யாருடைய விரலோ ஆகிவிட்டது.

காற்றில் காயவைத்த ஆட்டுத்தொடை, என்றார்,
தையில் அறுத்தால்
எலும்பை ஒட்டி இருக்குமே,
அது.

பதினெட்டுத் தீவிலும்
அதைத் தெரியாத வாய் இல்லை.
ஒலிக்கூடத்துக் கண்ணாடிக்கு அப்பால்
இரவுக் காவலர் சுன்னீவா
சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள்.

மூடுகிறது, என்றார் ட்ரோண்டுர்.
நிழலா?
இல்லை, மேகம். நாளைக்கு வேலை இருக்கிறது.
வைத்துவிட்டார்.

இன்னும் விடவில்லை.
எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ
பிடிபட்டபடியே அது போய்க்கொண்டிருந்தது.
நான் விரலை எடுத்தேன்.
பன்னிரண்டாம் நொடியில் அக்கார்டியன்.

மூன்றே முக்காலுக்குச் சாந்தூர்க்காரர் கூப்பிட்டார்.
இறங்கிவிட்டேன், என்று மட்டும் சொன்னார்.

தாளைக் கோப்பில் வைக்குமுன்
‘எல்லா இடங்களிலிருந்தும்’ என்பதை
அடிக்கப் பேனா எடுத்தேன், அடிக்கவில்லை.
அடுத்த கிரகணத்துக்கு உதவுமென்று
ஓரத்தில் ட்ரோண்டுரின் எண்ணைக் குறித்து வைத்தேன்.
கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று
இப்போது பார்த்தால்
எனக்கே விளங்கவில்லை.