மூன்று நாள் கடன்

டியூபா ஊம் கொட்டும்,
பின்னாலேயே நான் பா என்பேன்.
பதினேழு வருஷமாக இவ்வளவுதான் என் வேலை:
இரண்டாவது ஹார்ன், தாளத்தின் இடுக்கில் ஒரு பா.
மெட்டு எந்தப் பக்கம் போகிறதென்பது
கிளாரினெட்காரர்கள் பாடு.

போன வருஷம் எங்கள் திருவிழாவுக்கு
சான் ஹசிந்தோ பேண்டு முப்பது பேர்
மலை இறங்கி வந்து ஊதிவிட்டுப் போனார்கள்.
இந்த வஹாகா மலைகளில்
அதற்குக் காசு வாங்குகிற வழக்கமில்லை.
நோட்டில் எழுதி வைத்தோம்:
மூன்று நாள். முப்பது வாய்.
திரும்பச் செய்ய வேண்டியது.

அதற்கப்புறம்தான் ஊற்றுத் தகராறு.
குழாயை வெட்டியது யார் என்பது
எந்த ஊரில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.
ஒதிலோனின் மச்சானுக்கு நெற்றியில் ஆறு தையல்.
ஏப்ரலிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.
சந்தையில் அவர்கள் தக்காளி அழுகினாலும்
நாங்கள் விலை கேட்பதில்லை.

கூட்டம் போட்டோம். பாதிப் பேர் போகக்கூடாது என்றார்கள்,
மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.
ஹெர்மெலிந்தா சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
தண்ணீர்க் கணக்கு வேறே,
காற்றுக் கணக்கு வேறே.

லாரியில் பனிமூட்டத்துக்குள் நாலு மணி நேரம்.
டியூபாவின் வாய்க்குள் ரொட்டியும் இரண்டு போர்வையும்.
ஊர் எல்லையில் மாலை இல்லை, வாணவெடி இல்லை,
ஒரு நாய் மட்டும் முறைப்படி வரவேற்றது.
ஆனால் கோயில் முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன.
எண்ணினேன், முப்பது.
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

வாசித்தோம். சாப்பாடு வந்தது,
சூடாகத்தான் வந்தது,
தட்டை வைத்த கைகளுக்கு மேலே முகம் இல்லாத மாதிரி.
மழையில் சாமி ஊர்வலம். வாசித்தோம்.
அவர்கள் பேண்டு எதிர்த் திண்டில்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது;
ஆனாலும் கால்கள், பாவம்,
தட்டிக்கொண்டேதான் இருந்தன.

இரண்டாம் நாள் என் ஹார்னில் நடு வால்வு சிக்கிக்கொண்டது.
பா என்றால் ஏப்பம் வந்தது.
சிறுநீர் கழிக்கப் போய்த் திரும்பினேன்,
நாற்காலியில் ஒரு சின்னப் புட்டி.
வால்வு எண்ணெய், பாதி தீர்ந்தது,
யாரோ தினமும் உபயோகிப்பது.
நிமிர்ந்து பார்த்தேன்.
முப்பது பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும்
எலெயூதெரியோ நோட்டைத் திறந்தார்.
அவர்கள் ஊர்க் கணக்கர் கையெழுத்துப் போட்டார்.
தீர்ந்தது.
இனி இரண்டு ஊருக்கும் நடுவில்
ஒன்றுமே இல்லை.

லாரி ஏறிவிட்டோம். இஞ்சின் உறுமியது.
அப்போது எலெயூதெரியோ, நின்றபடியே,
உள்ளங்கையால் மூன்று எண்ணினார்.
எதற்கு, என்ன பாட்டு, ஒன்றும் சொல்லவில்லை.
டியூபா ஊம் என்றது.
என் வாய் என்னைக் கேட்கவில்லை.

ஒரு வால்ட்ஸ். லாரியின் மேலிருந்து,
ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில்.
டிரைவர் இஞ்சினை அணைத்தான்.
கணக்கர் படிகளில் ஓடி வந்தார்,
ஏழு மாதத்தில் அவர் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை:
நிறுத்துங்கள்! இது கணக்கில் இல்லை!

நிறுத்தவில்லை. இரண்டாம் பகுதியை
வேண்டுமென்றே இரண்டு தடவை வாசித்தோம்.

முடிந்தபோது கைதட்டல் இல்லை.
கணக்கர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே
தன் நோட்டை எடுத்தார்,
பென்சிலை நாக்கில் தொட்டார்,
எழுதினார். பெரிய எழுத்தில்.
லாரியிலிருந்தே தெரிந்தது.

பாதி மலை இறங்கிய பிறகுதான்
பையில் கை விட்டேன்.
எண்ணெய்ப் புட்டி என்னோடு வந்திருந்தது.
எலெயூதெரியோவிடம் சொல்லவில்லை.
இருக்கட்டும்.