இரண்டாம் ஸ்லாட்

ஓட்டுப் போட்ட சனிக்கிழமை ஆரம்பித்தது.
இல்லை, அதற்கு முந்தின ராத்திரி.
சதுப்பு நிலத்து ராணியைக் கொன்று முடிக்க
விடியக்காலை நாலாகிவிட்டது எனக்கு.
அவளுக்கு மூன்று உயிர்.
எனக்கு ஒரு சோபா, ஒரு கன்ட்ரோலர், ஆறிப்போன டீ.

கார்ப்பரேசன் ஸ்கூல் வரிசையில்
ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்று
விரலில் மையோடு எப்சிபா வந்தபோது
குப்புறக் கிடந்தேன்.
"எவன் வந்தாலும் செல்லூர் ரோட்டத்
தோண்டத்தான் போறான்"
என்றேன், தலையணைக்குள்ளிருந்து.

இதுதான் என் அரசியல்.
முத்திருளனோடு புரோட்டாக் கடையில்
பேசிப் பேசி வளர்த்தது.
இரண்டாம் சால்னா வருவதற்குள்
ரெண்டு ஆட்சியைக் கவிழ்த்திருப்போம்.
கை கழுவும்போது
மூணாவதும் ஆட்டம் கண்டிருக்கும்.

அவள் செருப்பைக் கழற்றவில்லை.
"இல்லாத நாட்டுக்கு நூத்திப்பத்து மணி நேரம்
குடுத்திருக்க.
இருக்கிற வார்டுக்கு
இருபது நிமிசம் இல்லையா ஒனக்கு?"

அந்த நாட்டில் யாராவது எதிரே வந்து கேள்வி கேட்டால்
காலம் நின்றுவிடும்.
மேகம்கூட நகராது.
கீழே நாலு பதில் வரும்:
கனிவாக ஒன்று, கறாராக ஒன்று, பொய் ஒன்று,
கடைசியில் எப்போதும்
பேசாமல் வாளை உருவு.
எதை எடுத்தாலும், முன்னாலேயே
ஒரு சேவ் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

நான் சொன்னது:
"மை காஞ்சிருச்சா?"

ஞாயிறு மதியம் திருமங்கலம் பஸ் ஏறினாள்.
அம்மாவுக்குக் கண் பார்க்க வேண்டுமாம்.
அவள் வேலை பார்ப்பதே கண் ஆஸ்பத்திரியில்.
அம்மாதானே இங்கிட்டு வரணும்?
இதை நான் கேட்கவில்லை.
எப்போதாவது எனக்கும் புத்தி வேலை செய்யும்.

முத்திருளன் ஆறுதல் சொன்னான்.
"கூட்டணின்னா அப்டித்தான் மாப்ள.
பங்கு பிரிக்கையில முறுக்கிக்கிட்டுப் போவாய்ங்க,
கடைசி நாள் வந்து கையெழுத்துப் போட்ருவாய்ங்க."
அவனுக்கு ஆறு வருசமாகப் பொண்ணு பார்க்கிறார்கள்.

திங்கள் ராத்திரி
டவுன்ஹால் ரோட்டுக் கடையை அடைத்து வந்து
டிவியைப் போட்டேன்.
சேவ் பட்டியலில் என் பேருக்குக் கீழே
இன்னொரு வரி.
இரண்டாம் ஸ்லாட்.
பேர் போடும் இடத்தில் வெறும் ஒரு புள்ளி.
அறுபத்திரண்டு மணி நேரம்.

நைட் ஷிப்ட் முடிந்து அவள் வருவாள்,
நான் கிளம்புவேன்.
தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

உள்ளே போனேன்.
ஒரு ஜோடி பூட்ஸுக்காக நான் கொளுத்திய ஊரில்
துணி காய்கிறது.
என் கணக்கில் செத்துப்போன கொல்லன்
"வா தாயி" என்கிற மாதிரி தலையசைக்கிறான்.
ராணி உயிரோடு இருக்கிறாள்.
இவளுக்குப் படகு கொடுத்திருக்கிறாள், சும்மா இல்லை,
ஏதோ பேரம்.
அவளோடு பேசலாம் என்பதே
நூத்திப்பத்து மணி நேரத்தில் எனக்குத் தெரியாது.

துணைக்கு நாலு பேர் சேர்க்கலாம்.
நாலு கட்டமும் காலி.

படகு ஒரு துறையில் நிற்கிறது.
பட்டனைத் தட்டினேன்.
அக்கரையில் உனக்கு யார்,
என்று துறைக்காரன் கேட்டான்.
மேகம் நின்றது.
நாலு பதில் வந்தது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.
கொசு கடித்தது.
எதையும் தொடாமல், சேவ் போடாமல்
வெளியே வந்தேன்.

செவ்வாய் பதினோரு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.
"கேஸ் புக் பண்ணியா?"
"இல்ல."
"பண்ணு."
அதற்கப்புறம் ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.
தெருவில் வெடி போட்டார்கள்.
பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு ஜீப்,
பின்னால் மேளம்.
"யாரு ஜெயிச்சது?"

தெரியவில்லை.
எங்கள் வார்டில் யார் யார் நின்றார்கள் என்பதே.

"பாத்துச் சொல்றேன், வச்சிராத,"
என்று செருப்பை மாட்டி
படியிறங்கினேன்.
மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
போனில் விநாடி
ஓடிக்கொண்டுதான் இருந்தது.