ஏழு மாத்திரை

படகு வரவில்லை.
பம்ப் உடைந்து கிரெனடாவிலேயே நிற்கிறதாம்.
வெங்காய மூட்டை, கோழித் தீவனம்,
கூடவே என் இதயத்துக்கான இரண்டு மாதங்கள்
அதன் வயிற்றுக்குள்.

எண்ணினேன். நான்கு.
படுக்கை விரிப்பில் கொட்டி மறுபடி எண்ணினேன்.
நான்கை ஐந்தாக்கும் கணக்கு
வின்னிபெக்கில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
முப்பது வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவள்;
ஏறிய தலையும் இறங்கிய தலையும் சரியாக இருந்தால்
போதும் எனக்கு.

அந்த ஊர் டாக்டரின் சீட்டு இங்கே செல்லாது.
வியாழக்கிழமை மட்டும் வருகிற டாக்டர்
அதையே வேறொரு தாளில்
அதே கோழிக் கிறுக்கலில் திருப்பி எழுத வேண்டும்.
பத்து மணி என்றால் பன்னிரண்டு.
பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஒரு குட் மார்னிங் சொல்லாமல்
உட்கார்ந்த நாளில்
ஐந்தாவதாக வந்தவள்
பதினோராவதாக உள்ளே போனேன்.
அது முதல் வருஷம்.

ஹில்ஸ்பரோவில், பெயின்ட் கடைக்கும்
ஐஸ் விற்கும் கொட்டகைக்கும் நடுவில் மருந்துக்கடை.
மிஸ் கிளாடெஸ்டா அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"இல்லை, மிஸ் சீகி.
டிரினிடாட் சரக்கு ஒரு பெட்டி இருந்தது,
பேர் வேறு, மருந்து அதேதான்.
செவ்வாயன்று போய்விட்டது."
"யார் வாங்கினார்கள்?"
கண்ணாடியைக் கழற்றி
பாவாடை நுனியில் துடைத்தாள்.
"அதை நான் சொல்லக் கூடாது. சட்டம்."
மாட்டிக்கொண்டாள்.
"உங்கள் பக்கத்து வீட்டு ஆட்டுச் சண்டை
இப்போது எந்த மட்டில் இருக்கிறது?
சமாதானமாக இன்றைக்கு நல்ல நாள்."

ஆடு என் பீன்ஸ் கொடியைத் தின்றது மூன்று முறை.
நான் போலீசுக்குப் போனது ஒரு முறை.
அதற்குப் பதிலாக மிஸ்டர் குவாஷி
ஆட்டை என் கேட்டிலேயே கட்டிவைத்தார்,
ஒரு ஞாயிறு முழுக்க.

வெறுங்கையோடு போகவில்லை.
இரண்டு பாட்டில் ஜிஞ்சர் பீர்.
அவர் மீன்கூண்டின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.
"அலை பெரிசு."
"பெரிசுதான்."
கம்பி இன்னும் நாலு முறுக்கு.
"நெஞ்சுக்குள் தவளை குதிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு,"
என்றேன், ஆட்டைப் பார்த்துக்கொண்டு.
குறடு நின்றது.
"எனக்கு மீன்," என்றார்.
"படகுத் தரையில் போட்ட ஜாக் மீன்.
ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் அதிகம்."

எழுந்து போனார்.
பிஸ்கட் டப்பாவோடு வந்தார்.
அட்டையை வெளிச்சத்தில் பிடித்து
எண்ணைப் படித்தோம், இருவரும், இரண்டு தடவை.
மீன் வெட்டும் கத்திரியால்
ஏழு நறுக்கினார்.
செதில் ஒன்று ஒட்டியிருந்தது.
"கடன்."
"படகு வந்ததும்."
"ஆடு வேற விஷயம்."
"வேற விஷயம்தான்," என்றேன்.

ஒன்பதாம் நாள் படகு வந்தது,
வெங்காயம் பாதி அழுகி.
மீந்த அவருடைய இரண்டும்
என்னுடைய ஐந்துமாகக் கொண்டுபோனேன்.
அவருடைய அட்டை வெள்ளி, என்னுடையது நீலம்.
நீலத்தை விரலால் தட்டிப் பார்த்தார்,
தேங்காய் தட்டுகிற மாதிரி.
"பேர் வேற."
"மருந்து ஒண்ணு."
"கிளாடெஸ்டாவைக் கேட்டுக்கறேன்,"
என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
குறடை எடுத்துவிட்டார்.

திரும்பி வந்தால்
பீன்ஸ் பந்தலுக்குள் ஆட்டின் பின்பாதி.
கல்லை எடுத்தேன்.
கை நிறைய, நல்ல கல்.
குறி பார்த்து
கொஞ்சம் தள்ளி எறிந்தேன்.